நாற்பத்தொரு மரம் நின்ற பாறை

“ஏம்மா, நீ இங்க ஃபேனுக்கு அடியில ஒக்காந்துகினு போனத் தட்டறதுக்கும், மலையில காய்க்கிற புளிக்கும் இன்னா சம்பந்தம்?”

செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு புளி விழுதுத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கொள்முதல் பார்க்கும் ரத்தினம் அண்ணன் இப்படிக் கேட்டார். மோந்து பார்த்தே எந்த ஊர்ப் புளி என்று சொல்லக்கூடியவர். எனக்கு ரோஷம் வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குச் சந்தவாசல் சாலையோரம் பஞ்சர் கடை. என் கம்ப்யூட்டர் பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் தொங்கும் பழைய ட்யூப்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறார். காற்றடிக்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது. பார்க்காவிட்டால் அப்பாவே காட்டுவார்.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் செய்யும் வேலை இது. ஜவ்வாது மலையில் ஒரு புளிய மரம் உலுக்கப்பட்டதும், அந்தக் காயைக் கட்டிய மூட்டைக்கு ஒரு சீட்டு ஒட்டப்படும். ஊரில் ஒரு பெண் அந்தச் சீட்டைப் போனில் படம் பிடித்து, மரத்தையும் படம் பிடித்து, உடையவர் பெயரைப் போட்டு அனுப்புவார். தகவல் கிளவுடில் ஏறும். எந்த ஊரில் எத்தனை மூட்டை காத்திருக்கிறது என்பது தெரிவதால் எங்கள் லாரி பாதி காலியாக மலை ஏறி இறங்குவதில்லை. கொட்டையும் நாரும் எவ்வளவு மிஞ்சும் என்பது முன்கூட்டியே தெரிவதால், கொட்டை துணி ஆலைக் கஞ்சிக்கும் நார் எங்கள் கொதிகலனுக்கும் வீணாகாமல் போகின்றன. கடைசியில் நெதர்லாந்தில், ரோட்டர்டாம் ஊரில், எங்கள் விழுதை வாங்கிச் சாஸ் செய்யும் நிறுவனத்தில் மரைக்கே என்ற பெண்மணி தன் திரையைத் திறந்தால், ஒவ்வொரு மூட்டையும் வந்த இடம் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். காட்டை அழித்தோ காட்டுக்குள் புகுந்தோ எடுத்த சரக்கு இல்லை என்பதற்கு அந்தப் புள்ளிதான் சாட்சி.

ஒரு திங்கட்கிழமை, தும்பக்காடு என்ற மலையூரின் மூட்டைகள் எல்லாம் சிவப்பாகிவிட்டன. நாற்பத்தொரு மரம். நாற்பத்தொன்றும் ஒரே புள்ளியில். அந்தப் புள்ளி வனத்துறைக் காட்டுக்குள் இருந்தது.

ரத்தினம் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். “காட்டுப் புளிய அள்ளிகினு வந்து தன் மரம்னு எழுதறாங்களா? நேர்ல போய்ப் பாத்துட்டு வா. ரோட்டர்டாமுக்கு வெள்ளிக்கெழம சாயங்காலம் நாலரைக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லன்னா இந்த வருசம் தும்பக்காடு லிஸ்ட்லயே கெடையாது.”

அந்த ஊருக்குச் சீட்டு ஒட்டும் பொறுப்பு பூங்காவனம் அக்காவுடையது. தொழிற்சாலையில் நடந்த பயிற்சிக்கு மலையிலிருந்து பஸ் ஏறி வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, என்னை “டீச்சர், டீச்சர்” என்று கூப்பிட்டவர். அவரா பொய்ப் புள்ளி வைத்தார்?

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கடை வாசலில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். பிறந்தது முதல் பார்க்கிறேன். ஏறியது இதுதான் முதல் முறை. மரைக்கேயின் தொழிற்சாலையை வீடியோவில் நாலு முறை சுற்றிப் பார்த்தவள் நான். அங்கே சாஸ் பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரத்தின் சத்தம்கூட எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் என் மடியில் ஒரு பலாக்காய் வந்து உட்கார்ந்தது. அதன் சொந்தக்காரம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றார். “புடிச்சிக்கம்மா, வளைவுல உருண்டுரும்.” உருளவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அதன் முள் என்னைக் குத்திப் பார்த்தது. பத்தாவது வளைவில் ஜன்னல் காற்று மாறியது. கீழே மாசி வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, இங்கே யாரோ கதவைத் திறந்து வைத்த மாதிரி குளிர்ந்தது. முன் சீட்டில் ஒருவர் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மெதுவாவே போ நைனா. ஜல்தியா போய் இன்னா பண்ணப் போறோம், அங்க போனும் எடுக்காது.”

அந்த வாக்கியத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது பூங்காவனம் அக்கா மொபெட்டோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு, காலில் ஆண்கள் செருப்பு. “வா டீச்சர்! எங்க ஊரப் பாக்க ஒரு வழியா வந்துட்டியே!” என்றார். நான், சும்மா ஒரு சோதனைக்கு வந்தேன் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அவர் வீட்டில் சாமைச் சோறும் கொள்ளுச் சாறும். தொட்டுக்கொள்ளப் புளியங்கொழுந்துத் துவையல். எங்கள் ஊரில் சாமை என்றால் சர்க்கரை நோயாளி சாப்பிடுவது. இங்கே மூன்றாம் முறை போட்டுக்கொண்டபோதுதான் நான் விருந்தாளி என்பதே நினைவுக்கு வந்தது. பூங்காவனம் அக்கா தன் போனைக் கொண்டுவந்து, எடுத்திருந்த மரப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நல்ல வெளிச்சத்தில், சீட்டு தெளிவாகத் தெரிய, நான் சொல்லிக்கொடுத்தபடியே எடுத்திருந்தார். “ஒண்ணுல கூட வெரல் மறைக்கல, பாத்தியா?” “பார்த்தேன் அக்கா” என்று தட்டைப் பார்த்துச் சொன்னேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, “இந்த இடத்துக்குப் போக வழி தெரியுமா அக்கா?” என்று என் போனில் இருந்த சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். அவர் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுவா? தெனம் போற எடந்தானே. வா.”

தினமும் போகிற இடமா? காட்டுக்குள்ளா?

ஊருக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை. வனத்துறையின் எல்லைக்கல்லைத் தாண்டியதும் ஏற்றம். கால் மணி நேரத்தில் ஒரு பெரிய பாறை. அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், அணைந்த கற்பூரத்தின் கறை. அதன் முன்னால் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள்.

மேலே ஏறிப் பார்த்தேன். பாறை முழுக்க மனிதர்கள், ஆளுக்கு ஒரு போனோடு. ஒரு பெண் திருப்பூரில் இருக்கும் மகனை வீடியோவில் திட்டிக்கொண்டிருந்தார்: “மூஞ்சக் காட்டுடா, கூரைய ஏன்டா காட்டற?” இன்னொருவர் கேஸ் ஏஜென்சியோடு சண்டை. ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று பேசினார். அந்தக் காலை வைத்தால் சிக்னல் போய்விடுமாம்.

“இதான் எங்க சிக்னல் பாறை” என்றார் பூங்காவனம் அக்கா. “முனீஸ்வரனுக்கு ஒரு கற்பூரம் ஏத்தினா ரெண்டு கோடு வரும். செருப்பு போட்டுகினு ஏறினா அதுவும் போய்டும்.”

என் போனைப் பார்த்தேன். நானும் சிவப்புப் புள்ளியும் ஒரே இடத்தில் நின்றோம். நாற்பத்தொரு புளிய மரமும் என் காலடியில். பாறையில் ஒரு புல் கூட இல்லை.

முதலில் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். பிறகு, பயிற்சி நாளில் நானே சொன்னது காதில் கேட்டது: “சிக்னல் இருக்கிற இடத்தில் நின்று பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்.” அவர் அதைத்தான் செய்திருந்தார். ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுத்து, மாலையில் பாறை ஏறி, மொத்தமாக அழுத்தியிருந்தார். அதற்கு நான் போனில் வடிவமைத்திருந்த படிவமோ, படம் எடுத்த இடத்தைக் குறிக்காமல், பொத்தானை அழுத்திய இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தது. செங்கத்தில் சோதித்தபோது இரண்டும் ஒரே இடம். அங்கே என் மேசையிலேயே நாலு கோடு சிக்னல். தலைக்கு மேலே ஃபேன்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

பூங்காவனம் அக்காவின் முகம் மாறியது. “அப்ப நீ ஊரப் பாக்க வரல. கள்ளப் புளியப் புடிக்க வந்த.”

“அக்கா, தப்பு என்னுடையது...”

“நேத்து என் வூட்ல தின்னுட்டு, மனசுல இத வெச்சிகினுதான் தூங்கினியா மேடம்?”

டீச்சர் மேடமாகிவிட்டது. ஒற்றைக் காலில் நின்றவர்கூடக் காலை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். அவருக்குச் சிக்னல் போயிருக்கும்.

பூங்காவனம் அக்கா இறங்கிப் போய்விட்டார். நான் பாறையிலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். போன் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க டவர் தேவையில்லை. வானத்துச் செயற்கைக்கோள் போதும். படம் எடுக்கும் அந்த நொடியிலேயே இடத்தைக் குறித்து, போனுக்குள் வைத்துக்கொள்ளும்படி படிவத்தை மாற்றினேன். இனி நாற்பத்தொரு மரத்தையும் மறுபடி படம் எடுக்க வேண்டும். மாற்றம் ஏற இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் திருப்பூர் மகன், இந்த மாசம் பணம் வராததற்கு ஒன்பது காரணத்தைச் சொல்லி முடித்தான்.

மத்தியானம் பூங்காவனம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். தட்டில் களியும் கீரையும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும்தான் சொன்னார்: “நாப்பத்தோரு மரத்தாண்டயும் நீயும் வரணும். ஊர் பாக்கணும், எந்த மரம் எங்க கீதுன்னு நீ நின்னு பாக்கறத. என் மரம் கடைசி. மொதல்ல தன்னுதக் காப்பாத்திகினான்னு ஒருத்தியும் சொல்லக் கூடாது.”

அன்று மாலை பதினோரு மரம். வியாழக்கிழமை விடிந்ததும் மறுபடி. கேழ்வரகுக் கொல்லை வரப்பில் ஒன்று, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று, ஓடையோரம் நாலு. ஒவ்வொரு மரத்தடியிலும் நான் படம் எடுத்தால் பூங்காவனம் அக்கா வாங்கிப் பார்ப்பார். “வெரல் மறைக்குது. மறுக்கா எடு மேடம்.”

ஒரு மரத்தடியில் மூன்று அண்ணன் தம்பிகள் வரிசையாக நின்றார்கள். யாருடைய மரம் என்றேன். மூவருடையதுமாம். பாகம் பிரித்தபோது மரத்தை வெட்ட மனசில்லாமல் கொப்பு கொப்பாகப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குக் கொப்பு பெரியவருக்கு, நடுக்கொப்பு அடுத்தவருக்கு, தெற்கே தாழ்ந்தது சின்னவருக்கு. என் படிவத்தில் ஒரு மரத்துக்கு ஒரு பெயர்தான் போடலாம். ஒரே புள்ளியில் மூன்று பேர் மூட்டை என்றால் ரோட்டர்டாமில் மறுபடி சிவப்பு.

“எனக்கு நெழலு ஜாஸ்தி, அவனுக்குக் காய் ஜாஸ்தி” என்று பெரியவர் சின்னவரைக் காட்டினார். “அதையும் எழுதிக்கம்மா.”

மூவரையும் அவரவர் கொப்பின் கீழ் நிற்க வைத்துப் படம் எடுத்து, குறிப்பில் விளக்கம் எழுதினேன். பெரியவரின் நிழல் விவகாரத்தையும் எழுதினேன். பூங்காவனம் அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது, எனக்குக் காட்டக் கூடாது என்பதும் தெரிந்தது.

வெள்ளி மத்தியானம் இரண்டு மணிக்கு நாற்பது முடிந்தது. மிச்சம் அவருடைய மரம் மட்டும். அது ஊருக்கு வெகுதூரம் தள்ளி, அடுத்த குன்றின் சரிவில். மொபெட்டில் கிளம்பினோம். மரம் வந்தது, படம் எடுத்தோம், விரல் மறைக்கவில்லை. மணி மூன்று. நிம்மதியாகத் திரும்பினோம்.

பாதி வழியில் பின்சக்கரம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. விரல் நீளக் கருவேல முள்.

பூங்காவனம் அக்கா வண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நடந்தால் பாறைக்கு ஒன்றரை மணி நேரம். “நாலரைக்குப் போவ முடியாது. எல்லாம் போச்சு. நானே கெடுத்தேன், கடைசி கடைசின்னு...”

“அக்கா, சீட்டுக்கு அடியில் டூல்ஸ் இருக்கா?”

இருந்தது. ஸ்பேனர் ஒன்று, தலை தட்டிய ஸ்க்ரூ டிரைவர், பாதி காய்ந்த சொல்யூஷன் ட்யூப், நாலு ஒட்டு, கைப்பம்பு. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூப்பை உருவி, கொஞ்சம் காற்றடித்து, ஓடைக் குட்டையில் அமுக்கினேன். குமிழ் வந்தது. ஒன்றில்லை, இரண்டு இடத்தில். துடைத்து, சொரசொரப்பான கல்லில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டி, மேலே கல்லால் தட்டினேன். டயருக்குள் விரல் விட்டு மிச்ச முள்ளைத் தடவி எடுத்தேன். அதை மறந்தால் அப்பா என்னைக் கடைக்குள் விட மாட்டார்.

பூங்காவனம் அக்கா குந்தி உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தார். “படிச்ச புள்ளன்னு நெனச்சேன். இன்னா நீ, பஞ்சர் போடற!”

“எங்க அப்பா கடை சந்தவாசல்ல. ஏழாவது படிக்கும்போதே எனக்கு லாரி ட்யூப் வரைக்கும் வரும்.”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா உன்ன மேடம்னு கூப்ட்டிருப்பேனா?” பம்பை என் கையிலிருந்து பிடுங்கி அவரே அடித்தார். “ஏறு பஞ்சர் கடக்காரி!”

மொபெட் பறந்தது. நாலு பத்துக்குப் பாறையடி. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினோம். மேலே வழக்கம்போலக் கூட்டம். பொத்தானை அழுத்தினேன். ஊருக்கு ஒரே பதிலாக, நாற்பத்தொரு மரத்தின் படங்களும் சேர்ந்து ஏற வேண்டும். திரையில் பதிவேற்றக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்து பாதியில் நின்றது.

பூங்காவனம் அக்கா பாறையின் உச்சியில் நின்று கத்தினார்: “எல்லாரும் போன வைங்க! நம்மூருப் புளி போய்கினு கீது, வழி வுடுங்க!”

கேஸ் ஏஜென்சியோடு சண்டை போடுகிறவர், “இப்பத்தான் மேனேஜரே லைன்ல வந்தான்” என்று முனகினார். அவருக்கும் மூன்று மரம் உண்டு. வைத்துவிட்டார். திருப்பூர் அம்மா, “இருடா, புளி போவுது” என்று மகனை வெட்டினார். பன்னிரண்டு பேர் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என் திரையையே பார்த்தார்கள். யாரோ கீழே போய்க் கற்பூரம் ஏற்றினார்கள். தொழில்நுட்பக் காரணம் எதுவாக இருந்தாலும், கோடு நகர்ந்தது.

நாலு இருபத்தாறுக்கு முடிந்தது. நாலு இருபத்தெட்டுக்கு மரைக்கே வீடியோவில் அழைத்தார். அங்கே மத்தியானம். பின்னால் சாம்பல் வானம், ஜன்னலில் மழை. தன் திரையை எனக்குத் திருப்பிக் காட்டினார். அந்த ஒற்றைச் சிவப்புப் புள்ளி இல்லை. தும்பக்காட்டைச் சுற்றி, சாமை இறைத்த மாதிரி, பச்சை.

“மூன்று சகோதரர்களுக்கு ஒரு மரமா? நிழல் அதிகம் என்று ஒருவர் புகார் எழுதியிருக்கிறாரே?” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “அந்தச் சிவப்புப் புள்ளி எங்கே இருந்து வந்தது?”

நான் போனைத் திருப்பிப் பாறையைக் காட்டினேன். பன்னிரண்டு பேரும் கையசைத்தார்கள். பூங்காவனம் அக்கா திரைக்கு மிக அருகில் வந்து, “இன்னா அங்க மழையா? தும்பக்காட்டுப் புளி கள்ளப் புளி இல்லன்னு அவங்ககிட்ட சொல்லு” என்றார். மொழிபெயர்த்தேன். மரைக்கே சிரிப்பை நிறுத்தினார். “அவர் மீது சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். இதை எழுத்திலும் அனுப்புகிறேன்.”

சொன்னேன். பூங்காவனம் அக்கா தலையாட்டினார். “சரி, வுடு. அந்தப் பாறையையும் மேப்ல போடச் சொல்லு. செவப்பு வேணாம், வேற கலர்ல.”

இரவு உணவுக்கு மறுபடி சாமை. நாலாம் முறையும் போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

சனிக்கிழமை செங்கம் திரும்பியதும் ரத்தினம் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். “நீங்கள் அன்றைக்குக் கேட்டது பாதி சரி அண்ணா. சம்பந்தம் இருக்கிறது. ஆனால் ஃபேனுக்கு அடியில் இருந்தால் தெரியாது” என்றேன். அவர் பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு புளியை எடுத்து மோந்து பார்த்தார். “இது உன் தும்பக்காட்டுது” என்றார். சீட்டைப் பார்த்தேன். சரிதான்.

இப்போது புதிய படிவம் தயார். கொப்புக்கு ஒரு பெயர் போடலாம், படம் எடுத்த இடத்தை அது மறக்காது. டவரே இல்லாத இன்னும் இரண்டு மலையூர்களுக்கு அடுத்த வாரம் போகிறது. இம்முறை செங்கத்தில் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. சோதனை செய்கிறவர் என்ற இடத்தில் பூங்காவனம் அக்காவின் பெயரைப் பதிந்து, அதற்கான நாள் சம்பளத்துக்கும் ரத்தினம் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். இதை எழுதுவது மறுபடி ஜமுனாமரத்தூர் பஸ்ஸில். பையில் புதுச் சொல்யூஷன் ட்யூபும் பத்து ஒட்டும், அப்பா கொடுத்தனுப்பியவை. மடியில் யாருடையதோ ஒரு பலாக்காய். ஒன்பதாவது வளைவைத் தாண்டியாயிற்று, ஜன்னல் காற்று மாறத் தொடங்கிவிட்டது.